மடித்த நுனி

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் நாம் கீரைக்காரியை விட்டுவிட்டு வந்தபோது, அவள் பால்கனியில் நின்றுகொண்டு நாத்தனாருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு, அந்த மணி அடித்து முடிவதற்குள் கதையைச் சொல்லிவிடலாம்.

கீரைக்காரி என்பது அந்த நாத்தனார் கிண்டலுக்கு வைத்த பெயர். வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கார் சீட் கவர் தைக்கும் பட்டறையில் வேலை. அங்கே வெட்டி மிஞ்சும் ரெக்ஸின் துண்டுகளைப் பை பையாகத் தைத்து, ஒரு இரும்புச் சட்டத்தில் வரிசை வரிசையாக மாட்டி, பால்கனிச் சுவர் முழுக்கச் செடி வளர்த்திருந்தாள். கை நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கிற பால்கனி அது. தரையில் இடமில்லாதவள் சுவரில் ஏறினாள், அவ்வளவுதான். மேலே மிளகாய், அதன் கீழே தக்காளி, நடுவில் கீரை, அடியில் புதினா, ஓரத்துக் கயிற்றில் பீன்ஸ்.

தண்ணீர் ஊற்றுவது மேல் வரிசைக்கு மட்டும்தான். ஒவ்வொரு பையின் அடியிலும், சுவரைப் பார்த்த பக்கம், ஒரு பித்தளை வளையம் அடித்திருந்தாள். தார்ப்பாயில் கயிறு கோக்க அடிப்பார்களே, அதே வளையம். மேல் பை குடித்தது போக மிச்சம் அந்தத் துளை வழியாகக் கீழ்ப் பைக்கு இறங்கும். அது குடித்தது போக அடுத்தது. கடைசியில் அடித்தட்டில் தேங்குவதை எடுத்து மறுபடி மேலே ஊற்றுவாள். ஒரு சொட்டு வீணாகாது.

அப்படிப்பட்ட சுவர்தான் இப்போது செத்துக்கொண்டிருந்தது. மேல் வரிசைகள் வேர் அழுகிக் குழைந்தன. கீழ் வரிசைகள் மொறுமொறுவென்று காய்ந்தன. ஏதோ வேர் நோய், தண்ணீரில்தான் பரவுகிறது என்று நினைத்து, காய்ந்த கீழ் வரிசைகளுக்குத் தனியாகக் கையால் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீரையும் நிறுத்தினாள். அப்புறம் செத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவள் பிடுங்கப் பிடுங்க, அவள் புருஷன் பக்கத்தில் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "விடும்மா, நம்ம கையில என்ன இருக்கு" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

இதெல்லாம் யார் செய்த வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாத்தனார் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். "ஒரு மூடி மருந்து ஊத்தினா மொத்தக் காடும் காலி அண்ணி" என்று ஒரு தரம் சிரித்திருக்கிறாள். கடைசியாக வந்தபோது பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தனியாக நின்றிருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மணி நின்றது. நாத்தனார் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

"என்ன ஊத்தின?"

"என்னது?"

"என் செடில என்ன ஊத்தினன்னு கேக்கறேன். கடையிலேர்ந்து என்ன கொண்டுவந்த? பேரைச் சொல்லு. நானும் தெரிஞ்சுக்கறேன், எந்த மருந்துக்கு இவ்வளவு வயித்தெரிச்சல்னு."

"அண்ணி, நான் எதுவும்…"

"கதவைச் சாத்திக்கிட்டு நின்னியே, செடிகிட்ட நலம் விசாரிச்சியா? உன்னை என்ன பண்ணுச்சு அது? உன் வீட்டுச் சுவத்துலயா மாட்டினேன்? உன் தலையிலயா சொட்டுச்சு? பிடிக்கலன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். வாயில்லாததைப் போய்க் கொன்னிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

நாத்தனார் பதிலுக்குப் பதில் பேசுகிறவள். சண்டை என்று வந்தால் மூச்சு விடாமல் பேசுவாள். இன்று அவள் பேசவில்லை. பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இவ்வளவு மனசுல வச்சுக்கிட்டுத்தான் சரின்னு சொன்னீங்களா அண்ணி?"

"எதுக்குச் சரின்னேன்?"

"பரவாயில்ல. நான் வரல. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

போன் அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் சுவிட்ச் ஆஃப்.

வரவில்லையாமே! இவளை யார் கூப்பிட்டார்கள்? கீரைக்காரிக்குக் கோபம் பாதியில் நின்றுபோனதில் இன்னும் கோபம் வந்தது. திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும். இப்படி அடங்கிப்போனால் திட்டினவளுக்கு என்ன மரியாதை?

செடிக்காகவே இன்று பட்டறைக்கு லீவு சொல்லியிருந்தாள். ஒரு டீயாவது குடிப்போம் என்று அடுப்பைப் பற்றவைத்து, சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தாள். பொட்டலத்தின் வாய் கறுப்பு டேப் போட்டு மூடியிருந்தது. டேப்பின் நுனி, நகத்தால் பிடித்து இழுக்க வாகாக, உள்பக்கமாகச் சின்னதாக மடித்திருந்தது.

அது அவள் புருஷன் கை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதை ஒட்டினாலும் நுனியை மடித்துத்தான் விடுவார். அடுத்து அவிழ்க்கிறவன் நகத்தை உடைத்துக்கொண்டு திண்டாடக் கூடாதாம். கல்யாணமான புதிதில் அந்த மடிப்பைப் பார்த்துத்தான், இந்த மனுஷன் தங்கம் என்று அவள் முடிவுகட்டினாள். ஒரு டேப்பைப் பார்த்தா ஒருவரைப் பற்றி முடிவு செய்வார்கள் என்று கேட்காதீர்கள். நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று நாங்கள் கேட்டோமா?

டீ பொங்குகிற நேரத்தில் வாசல் மணி அடித்தது.

வாசலில் அலுமினியக்காரர் நின்றார். ஜன்னலுக்குச் சட்டம் அடிக்கிறவர். காதில் பென்சில், இடுப்பில் அளவு டேப்.

"பால்கனி அளவு எடுக்கணும் மேடம். சார் வரச் சொன்னாரு."

"என்ன அளவு?"

"அடைக்கத்தான். மூணு பக்கமும் கண்ணாடி, நடுவுல தள்ளு கதவு. சின்னதா ஒரு ரூம் ஆயிடும். கட்டில் போட்டா நடக்க இடம் இருக்காதுன்னு சாருக்கு அப்பவே சொல்லிட்டேன்."

கீரைக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்காமலே உள்ளே நுழைந்து, பால்கனிக்குப் போய், செடிச் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இதெல்லாம் இன்னும் இருக்கே. சீக்கிரம் காலியாயிடும்னு சார் சொன்னாரே."

"எப்போ சொன்னாரு?"

"போன மாசமே சொன்னாரு. நீங்க வீட்டுல இல்லாத நேரமா வரச் சொன்னாரு, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு. நீங்க இருக்கீங்க, அதுவும் நல்லதுதான், பிடிக்க ஒரு ஆளாச்சு. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, சுவரை ஒட்டி அளக்கணும்."

போன மாசம். போன மாசம் செடி எல்லாம் பச்சையாக நின்றது. பீன்ஸ் பூ விட்டிருந்தது. நோயில்லாத செடி சீக்கிரம் காலியாகிவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் கை தானாகவே சட்டத்தைப் பிடித்தது. இருவரும் சேர்ந்து அதைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். இதற்கு முன் அதை அவள் தனியாக நகர்த்தியதே இல்லை. ஈர மண்ணோடு அவ்வளவு கனம். பின்பக்கம் வெளிச்சம் பட்டது.

ஒரு வளையத்தைக்கூடக் காணோம்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தான் அடித்த பித்தளை எங்கே போயிற்று என்று விரலால் தடவினாள். கறுப்பு ரெக்ஸின் மேல் கறுப்பு டேப். பை பையாக, வரிசை வரிசையாக, ஒவ்வொரு துளை மேலும் அளந்து வெட்டிய ஒரு துண்டு. மேலே ஊற்றின தண்ணீர் மேலேயே தேங்கி வேரை அழுக வைத்திருக்கிறது. கீழே இருந்ததெல்லாம் தாகத்தில் செத்திருக்கிறது. நோய் என்று நினைத்து மிச்சத் தண்ணீரையும் நிறுத்தினது யார்? அவளேதான்.

ஒவ்வொரு டேப்பின் நுனியும் அழகாக உள்பக்கம் மடித்திருந்தது.

"மேடம், கொஞ்சம் தள்ளினீங்கன்னா…"

"அளந்தது போதும்."

"இன்னும் உயரம் எடுக்கல மேடம்."

"உயரத்தை நான் எடுத்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

அவள் முகத்தைப் பார்த்த அலுமினியக்காரர் அளவு டேப்பைக்கூடச் சுருட்டாமல் தரையில் இழுத்துக்கொண்டே படியிறங்கினார். அடுப்பில் டீ பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்திருந்தது.

அவள் அழவில்லை. அழுகிற கட்டத்தையெல்லாம் போன வாரமே சாக்கோடு குப்பையில் போட்டாயிற்று. ஒரே ஒரு டேப்பை உரித்தாள். மடித்த நுனியைப் பிடித்து இழுத்ததும் சுலபமாக வந்துவிட்டது. அதை விரலில் ஒட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவர் வேலை செய்துகொண்டிருந்தது ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில். கீழ்த்தளத்தில் பளபளக்கும் தரை, வரவேற்பு மேஜை, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்காகக் காத்து நிற்கும் ஜனம். ஒரு லிஃப்டின் கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடக்க, முன்னால் மஞ்சள் தடுப்பு. லிஃப்ட் பெட்டியைத் தரைக்குக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு, அதன் கூரை மேல் நின்று அவர் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் தரை மட்டத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் அதன் கீழே ஒரு முகமும் மட்டும் தெரிந்தன.

அவள் தடுப்பைத் தள்ளிவிட்டுப் போய், அந்த முகத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நீயா? இங்க எதுக்கும்மா? கிட்ட வராத, விழுந்துடுவ."

அவள் விரலிலிருந்த டேப்பை எடுத்து ஹெல்மெட்டின் நெற்றியில் ஒட்டினாள். மடித்த நுனி கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டது.

அவர் கையால் தொட்டுப் பார்த்தார். நுனியைத் தடவினார். அந்தத் தடவலிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் முகத்தில் முதலில் ஒரு அசட்டுச் சிரிப்பு வரும். அது வந்தது.

"சிரிக்காதீங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீங்க யாரும் பாக்காத நேரத்துல செஞ்சீங்க. நான் எல்லாரும் பாக்கறப்பக் கேக்கறேன். செடியோட வாயை எதுக்கு ஒட்டினீங்க?"

"அதாவது… வந்து…"

"மென்னு முழுங்காம சொல்லுங்க."

மேலே இயந்திர அறையிலிருந்து அவருடைய கூட்டாளியின் குரல் வாக்கிடாக்கியில் கரகரத்தது. "அண்ணே, பெட்டியத் தூக்கவா?"

கீரைக்காரி குனிந்து அந்த வாக்கிடாக்கியை அவர் தோளிலிருந்து பிடுங்கினாள். "தூக்காதீங்க. இன்னும் பேசி முடியல."

"சரிங்க அண்ணி" என்றது வாக்கிடாக்கி.

தப்பிக்க வழியில்லை. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"தங்கச்சிக்காக" என்றார். "அவ புருஷன் வீட்டை விட்டு வந்துட்டா. மருந்துக்கடையில ஸ்டோர் ரூம்ல படுத்துக்கிட்டிருக்கா. ராத்திரி டியூட்டி பார்த்துட்டுப் பகல்ல தூங்கற பொண்ணு, ஹால்ல படுக்க வச்சா ரெண்டு நாள் தாங்க மாட்டா. அவளுக்குன்னு ஒரு கதவு வேணும்னு நினைச்சேன். நமக்கு இருக்கறது அந்த பால்கனி ஒண்ணுதான்."

"எப்போலேர்ந்து ஸ்டோர் ரூம்ல இருக்கா?"

அவர் ஹெல்மெட்டின் வாரைத் திருகினார்.

"செடி வாடறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"அப்ப இத்தனை நாளா…" அவள் இன்னும் குனிந்தாள். "இத்தனை நாளா கூடப் பொறந்தவளை அட்டைப்பெட்டிக்கு நடுவுல படுக்க வச்சுட்டு, செடி எப்போ சாகும்னு காத்துக்கிட்டிருந்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க உங்களுக்கு அவ்வளவு பயமா?"

"உங்க ரெண்டு பேருக்கும்தான் ஆகாதே. நீ மாட்டேன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் அவகிட்ட எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? செடி தானா போயிடுச்சுன்னா பால்கனி சும்மா கிடக்கும். நீயே அலுத்துப் போயிடுவ. அப்ப மெதுவா சொல்லலாம்னு…"

"ஓ. கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"அவ ஒரே பிடியா நின்னா. அண்ணிகிட்ட கேளு, அவங்க சரின்னாத்தான் வருவேன்னுட்டா."

"நீங்க?"

"கேட்டேன், சந்தோஷமா சரின்னுட்டான்னு சொன்னேன்."

காலையில் போனில் கேட்ட அந்தக் குரல் இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது. இவ்வளவு மனசுல வச்சுக்கிட்டுத்தான் சரின்னு சொன்னீங்களா அண்ணி? கீரைக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷன் மேல் ஒரு கோபம், தன் வாய் மேல் ஒரு கோபம். இரண்டில் எது பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே" என்றாள். இப்போது குரல் தணிந்திருந்தது. அதனால் இன்னும் பயமாக இருந்தது. "நான் ஒவ்வொண்ணாப் பிடுங்கினேன். எனக்கு ஏதோ கைராசி போச்சுன்னு நினைச்சேன். என் தண்ணியில விஷம், என் மண்ணுல விஷம்னு ராத்திரியெல்லாம் தூங்காம கிடந்தேன். நீங்க பக்கத்துல நின்னு சாக்கைப் பிடிச்சீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உங்களுக்கு வாய் வரல. டேப்பை ஒட்டினதைக்கூட மன்னிச்சுடுவேன். அந்தச் சாக்கை எப்படிங்க மன்னிக்கறது?"

காத்திருந்த ஜனத்தில் ஒரு பெண் தன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து லிஃப்ட் வந்தும் ஏறாமல் நின்றாள்.

"அதனாலதான் நுனியை மடிச்சு விட்டேன்" என்றார் அவர், மிகவும் சின்னக் குரலில். "மனசு கேக்கல. எப்ப வேணா உரிச்சுடலாம்னு…"

"ஆனா உரிக்கல."

அவள் எழுந்தாள். வாக்கிடாக்கியை வாயருகே வைத்தாள். "இப்ப தூக்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அதைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள்.

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். ராத்திரி டியூட்டி முடிந்தும் போக இடமில்லாத நாத்தனார், பகலிலும் வெள்ளைக் கோட்டோடு நின்று, ஒருவருக்கு மாத்திரையை எப்போது போடுவது என்று உறை மேல் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கோட்டின் முதுகுப் பக்கம் அட்டைப்பெட்டியின் தூசி ஒட்டியிருந்தது. இதை முன்பே கவனித்திருக்கலாம். கவனிக்க வேண்டுமானால் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியிருக்க வேண்டுமே.

கீரைக்காரி வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"என்ன வேணும்?" என்றாள் நாத்தனார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"உன் பெட்டி."

"அண்ணி, கடையில வந்து சண்டை போடாதீங்க. முதலாளி உள்ள இருக்காரு."

"சண்டைக்கு வரல. உங்க அண்ணன்கிட்ட போட்ட சண்டையிலேயே எனக்கு இன்னைக்குத் தொண்டை கட்டிடுச்சு. காலைல உன்கிட்ட பேசினது தப்பு."

"தப்புதான்." நாத்தனார் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. "நான் செடிக்கு மருந்து வைக்கற ஆளா?"

"நீதான ஒரு தடவை சொன்ன, ஒரு மூடி ஊத்தினா காலின்னு."

"சும்மா சொன்னேன்."

"நானும் சும்மா நம்பிட்டேன்."

பின்னால் நின்ற பெரியவர் இருமினார். நாத்தனார் அவருக்கு ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உங்க செடிகிட்டதான் அழுதேன். வேற யாரும் இல்ல. அழுதுக்கிட்டே ரெண்டு கொத்துப் புதினாவைப் பிச்சுத் தின்னுட்டேன். உங்க தோட்டத்துக்கு நான் செஞ்ச அக்கிரமம் அவ்வளவுதான்."

"அதுக்கும் கேட்டிருக்கலாம்."

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

கீரைக்காரி யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த கோபத்தில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்டோர் ரூமிலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள். நடந்தது என்ன என்று கீரைக்காரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சளைக்காமல் பேசுகிற நாத்தனார் கேட்டுக்கொண்டே வந்தாள். டேப் விஷயம் வந்ததும் பெட்டியை நடுத்தெருவில் வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்க சரின்னு சொன்னதா எங்கிட்ட சத்தியம் பண்ணினாரு அண்ணி."

"என்கிட்ட சாக்கு பிடிச்சாரு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே ஆள் மேல் கோபப்பட்டது, அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குள் நுழையும்போது சாயங்கால வெயில் பால்கனியில் இறங்கியிருந்தது. அவர் இவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். நகர்த்தி வைத்திருந்த சட்டத்துக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டில் அவள் ஒட்டின துண்டு அப்படியே இருந்தது. தேங்கிக் கிடந்த நாற்றத் தண்ணீர் துளைகள் வழியாக இறங்கி அவர் கால்சட்டையை நனைத்திருந்தது. ஆளைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் பரிதாபப்பட இங்கே யாரும் தயாராக இல்லை.

"அடி வரிசையில நாலஞ்சு புதினா பிழைச்சுக்கும் போலிருக்கு" என்றார், அவர்களைத் திரும்பிப் பார்க்காமல். "வேர்ல உயிர் இருக்கு. மேல இருக்கறதுல ஒண்ணும் தேறாது. மண்ணை மாத்தணும். நான் மாத்தித் தரேன்."

"எழுந்திருங்க" என்றாள் கீரைக்காரி.

எழுந்தார்.

"இப்பக் கேளுங்க."

"என்னத்தை?"

"போன மாசம் கேட்டிருக்க வேண்டியதை. என் மூஞ்சியைப் பார்த்து. உங்க தங்கச்சிக்கு முன்னால."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். எத்தனை மாடி உயரத்திலும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனுஷன், சொந்த வீட்டில் ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவ்வளவு திணறினார்.

"தங்கச்சி… இங்க நம்மகூட வந்து இருக்கட்டுமா? அவளுக்காக பால்கனியை அடைச்சு ஒரு ரூம் பண்ணிக்கலாமா?"

"முடியாது" என்றாள் கீரைக்காரி.

நாத்தனார் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"பால்கனியை அடைக்க முடியாது. அவ இருக்கட்டும். கதவு இருக்கற ரூம் வேணும்னா நம்ம ரூம் இருக்கு. ராத்திரி நான் படுத்துக்கறேன், பகல்ல அவ தனியாத் தூங்கட்டும். உங்களுக்கு இங்க, செடிக்குக் கீழே படுக்கை. காலைல சொட்டும், முழிப்பு வந்துடும்." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகச் சொன்னாள். "அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே இதைத்தான் சொல்லியிருப்பேன். இவ்வளவையும் கொன்னிருக்க வேண்டாம்."

காலடியில் உரித்த டேப்புகள் கறுப்பாகக் குவிந்து கிடந்தன. அவர் அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். மடித்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அவர் கையில் தனித்தனியாக நின்றன.

கீரைக்காரி குவளையில் நல்ல தண்ணீர் எடுத்து மேல் வரிசையில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு இரண்டாம் வரிசைக்கு இறங்கியது. அப்புறம் மூன்றாவதுக்கு.

நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் குப்பைப் பையோடு படியிறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, கைப்பிடியை விடாமலே சொன்னாள்.

"இந்த வீட்டுல இனிமே எல்லாம் மூஞ்சிக்கு நேராத்தான்னா, நானும் ஒண்ணு சொல்லணும் அண்ணி. புருஷனை விட்டு ஏன் வந்தேன்னு அண்ணன்கிட்ட ஒரு காரணம் சொன்னேன். அது நிஜமில்ல."

கீரைக்காரி குவளையைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது மறுபடி தலைக்கு ஏறுவது அவளுக்கே தெரிந்தது. இவளும் பொய்யா? ஆனால் இவள் வந்து சொல்கிறாளே. கேட்பதற்கு முன்னால், தானாகவே வந்து.

அவள் பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"பெட்டியை வை. உக்காரு. அவர் மேல வர்றதுக்குள்ள சொல்லு."